ஆறு சென்ட் மனையில் இரண்டாவது வீடு: பொன்னம்மாப்பேட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் இருபது வருடமாக வீடுகளுக்கு வரைபடம் போட்டு, மாநகராட்சியில் அனுமதி வாங்கிக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் புதுமனையில் கட்டுபவர்கள் அல்ல. ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது; பின்னால் காலி இடம் இருக்கிறது; மகனுக்கோ மகளுக்கோ தனியாக ஒரு சமையலறையோடு ஒரு வீடு வேண்டும். இவர்கள் செய்யும் பெரிய தவறு கட்டுவதில் இல்லை. என்னிடம் வருவதற்கு முன்பே பத்திரம் எழுதுபவரிடம் போய்விடுவதில்தான் இருக்கிறது. அப்படிக் கடைசி நேரத்தில் தப்பிய ஒரு குடும்பத்தின் கதையை, அவர்கள் ஒப்புதலோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

பொன்னம்மாப்பேட்டையில் 23 அடித் தெரு. பத்திரத்தில் மனை 40-க்கு 65 அடி, அதாவது 2,600 சதுர அடி. பேச்சில் ஆறு சென்ட் என்பார்கள். கணக்குப் பார்த்தால் ஆறு சென்டுக்குப் பதின்மூன்றரை சதுர அடி குறைவு. முன்பக்கம் 1988-ல் கட்டிய 26-க்கு 28 அடி வீடு. பின்னால் தகரக் கொட்டகை. பெரியவர் அதில்தான் முப்பது வருடம் கொலுசுப் பட்டறை நடத்தினார். கண்பார்வை குறைந்ததும் பட்டறையை நிறுத்திவிட்டார். மகன் கோவையில். மகளும் மருமகனும் பெங்களூரிலிருந்து சேலத்துக்கே திரும்பிவிட முடிவு செய்தார்கள். கொட்டகையை எடுத்துவிட்டு அங்கே ஒரு வீடு. எல்லோருக்கும் அதில் சம்மதம்.

2024 ஆவணியில் மருமகன் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு வரைவுப் பத்திரம் இருந்தது. மனையின் பின்பாதியையும், அங்கே போவதற்குக் கிழக்கு ஓரமாக ஒரு நடைபாதையையும் மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது. இரண்டு நாளில் பதிவு.

"எதுக்குங்க பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு காரணம் சார். பேங்க் லோன் அவங்க பேர்ல வாங்கணும்னா இடம் அவங்க பேர்ல இருக்கணுமாம். இன்னொண்ணு, இப்ப ஆன்லைன்ல உடனே அப்ரூவல் குடுக்கறாங்கல்ல, அதுக்கு 2,500-க்குள்ள இருக்கணும். எங்களுது நூறு அடி ஜாஸ்தி. பிரிச்சுட்டா உள்ள வந்துரும்னு பத்திரம் எழுதறவர் சொன்னாரு."

இரண்டு காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தன. செலவும் பெரிதில்லை. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000. ஐம்பதாயிரத்துக்குள் முடிகிற வேலை என்பதால்தான் யாரும் யோசிப்பதில்லை.

விதி எப்படிப் பார்க்கிறது?

தமிழ்நாட்டில் 'இரண்டாவது வீடு' என்று தனி அனுமதி எதுவும் கிடையாது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் சென்னைக்கும் சேலத்துக்கும் பொது. அந்த விதிகள் மனையை ஒரே துண்டாகப் பார்க்கின்றன. அதில் எத்தனை குடியிருப்பு அலகு, மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு, நான்கு பக்கமும் எவ்வளவு காலி, வண்டி எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்று கேட்கின்றன. அப்பா வீடா, மகள் வீடா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் இன்னொரு அலகு. அவ்வளவுதான்.

இது கட்டுபவருக்குச் சாதகமான ஏற்பாடு. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, நாம் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வது, 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். இந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 5,000 சதுர அடிக்கு மேல் இடம் கொடுக்கிறது விதி. பழைய வீடு வெறும் 728 சதுர அடி. பரப்பு ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு வீடு, மூன்று வீடு கட்டினாலும் தாங்கும்.

பிரச்சினை வருவதெல்லாம் மனையை வெட்டும்போதுதான்.

மருமகனிடம் ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து காட்டினேன். பழைய வீட்டுக்கு மேற்கே 5 அடி காலி, கிழக்கே 9 அடி. அந்தக் கிழக்கு 9 அடியைத்தான் நடைபாதையாக மகள் பேரில் எழுதப்போகிறார்கள். எழுதிவிட்டால் பெரியவர் வீட்டின் கிழக்குச் சுவரே எல்லைச் சுவர் ஆகிவிடும். அந்தச் சுவரில் இரண்டு ஜன்னல், சமையலறைக் கதவு. மூன்றும் அடுத்தவர் நிலத்தில் திறக்கும். இன்றைக்கு மகள் நிலம். நாளைக்கு அவர்கள் விற்றால்? முன்வீடு நிற்கும் துண்டு 31 அடி அகல மனையாகி, கிழக்கில் ஓரடிகூட இடைவெளி இல்லாத கட்டடமாகிவிடும். முப்பத்தாறு வருடமாக ஒழுங்காக நின்ற வீடு ஒரு பத்திரத்தால் விதி மீறிய வீடாக மாறும்.

பின்துண்டின் நிலை இன்னும் மோசம். அதற்குத் தெரு கிடையாது, நடைபாதை மட்டும்தான். தனி மனை என்று காட்ட வேண்டுமானால் நடைபாதை குறைந்தது பத்தடியாவது வேண்டும். இங்கே ஒன்பது. அளந்து பார்த்தபோது அதுவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் வரன்முறை, அதாவது அனுமதியில்லாத மனையைப் பணம் கட்டி முறைப்படுத்துவது. இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான். இந்த மனை 1980-களில் ஒரு தனியார் போட்ட அனுமதியில்லாத மனைப்பிரிவில் வந்தது. 2016-ல் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியதும், 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவான இடங்களுக்குத்தான் அந்தச் சலுகை. பெரியவர் 2018-லேயே பணம் கட்டி உத்தரவு வாங்கி, கொலுசு டிசைன் அட்டைகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அந்த உத்தரவு முழு மனைக்கு, 2,600 சதுர அடிக்கு. இன்றைக்கு அதை இரண்டாக வெட்டினால் பிறக்கும் பின்துண்டு 2016-ல் இல்லாத மனை. அதற்கு வரன்முறை உத்தரவும் கிடையாது, உட்பிரிவு அனுமதியும் கிடையாது.

2024 ஜூலை 22-ல் தொடங்கிய சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், அப்போதைய விதிப்படி தரைத்தளமோ முதல் தளம் வரையோ, 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வரைபடத்தைச் சரிபார்க்க வாங்கும் கூராய்வுக் கட்டணம் இல்லை. முன்கூட்டி வந்து பார்ப்பதும் இல்லை. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். எவ்வளவோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கிறது. ஆனால் சுயசான்று என்றால் நாமே உறுதிமொழி கொடுக்கிறோம். மனை அனுமதி பெற்றது, ஆவணம் சரி என்று நாம்தான் கையெழுத்துப் போடுகிறோம். பின்துண்டை வைத்து அந்த உறுதிமொழியை யார் கொடுக்க முடியும்? கணினி அனுமதி கொடுத்துவிடலாம். உறுதிமொழி பொய் என்று தெரிந்த நாளில் அந்த அனுமதி ரத்தாகும். அதன் பிறகு கட்டடம் அனுமதியில்லாத கட்டடம். 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் தருகிறது.

மருமகன் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்திரம் எழுதறவர் இதெல்லாம் சொல்லலைங்க சார்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லாமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. பதிவாகுமா என்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. கட்டடத்துக்கு அனுமதி வருமா என்பது அவர் மேசைக்கு வருவதே இல்லை.

பெரியவரின் தயக்கம்

சட்டத்தைவிடக் குடும்பத்தைப் பேசி முடிக்கத்தான் நாளானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்தோம். பெரியவர் நேரடியாகக் கேட்டார்: "தம்பி, பிரிச்சுக் குடுக்காம கட்டுனா, புள்ளைக்கு என்ன பிடிமானம்? அத்தனை காசும் அதுங்க போடுது."

அந்தக் கேள்வி நியாயமானது. 18 லட்சம் வரை மகள் வீட்டார் போடப்போகிறார்கள். அப்பா பெயரில் இருக்கும் நிலத்தில் போடுகிற பணத்துக்கு என்ன பாதுகாப்பு?

வழி இருக்கிறது. நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்காமல், பிரிபடாத பாகமாக எழுதிக் கொடுக்கலாம். அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு இது பழகிய விஷயம். தனி வீட்டுக்கும் அப்படியேதான். மொத்த மனையில் பாதிக்கு மகள் உரிமையாளர். எந்தப் பாதி என்று எல்லை கிடையாது. மனை ஒரே மனையாகவே இருக்கும், வரன்முறை உத்தரவும் செல்லும். பட்டா கூட்டுப் பட்டாவாக மாறும். அனுமதி இருவர் பெயரிலும் வாங்கலாம். வங்கியும் இருவரையும் கூட்டு விண்ணப்பதாரராக வைத்துக் கடன் கொடுக்கும். எங்கள் விஷயத்தில் கொடுத்தது. மருமகன் முதலில் போன கிளையில் முடியாது என்றார்கள். இரண்டாவது வங்கியில் முடிந்தது.

பத்திரத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொன்னேன். ஒன்று, முன்வீட்டில் பெரியவருக்கும் அம்மாவுக்கும் ஆயுள் வரை அனுபவ உரிமை. இரண்டு, பெற்றோரைப் பராமரிப்பார் என்ற நிபந்தனை. பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழி தருவது 2007-ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அது பெரியவர்களுக்குக் கை கொடுக்க வேண்டுமானால் இந்த வரி பத்திரத்தில் இருப்பது நல்லது. மகள் முகம் வாடியது. "எங்களை நம்பலையாப்பா?" அம்மாதான் சமாளித்தார்: "அது நம்பிக்கைக்கு எழுதறதில்ல கண்ணு, நாளைக்கு யாரும் உன்னைக் கேக்கக் கூடாதுன்னு எழுதறது." இதை நான் வேறு மூன்று குடும்பங்களில் சொல்லிப் பார்த்தேன், அந்த அம்மா சொன்ன அளவுக்கு எடுபடவில்லை.

மகனை மறக்கவில்லை. கோவையிலிருந்து அவர் வந்து கலந்துபேசி, தங்கைக்குப் பாதி போவதில் ஆட்சேபம் இல்லை என்றார். மீதிப் பாதியைப் பெரியவர் உயிலாக எழுதி வைத்தார்.

அளந்தபோது

சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். முன்பக்கம் 40 அடி இருக்க வேண்டிய இடத்தில் 39 அடி 4 அங்குலம். கிழக்கு வீட்டுக்காரரின் காம்பவுண்டு சுவர் எட்டு அங்குலம் உள்ளே வந்திருந்தது. எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சுவர் கட்டியவர் இறந்து பல வருடம்.

சண்டை போடலாமா என்று மருமகன் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நிலத்தில் இருப்பதும் பத்திரத்தில் இருப்பதும் வேறுபட்டால், எது குறைவோ அதை வைத்தே வரைபடம் போடுவதுதான் வழக்கம். அனுமதிக்கும் அதுவே பாதுகாப்பு. பரப்பு 2,556 சதுர அடி ஆனது. அப்போதும் 2,500-க்கு மேல்தான். கிழக்கு இடைவெளி 9 அடியிலிருந்து 8 அடி 4 அங்குலமாகச் சுருங்கியது. அந்தப் பழைய வரைவுப் பத்திரத்தில் '9 அடி நடைபாதை' என்று எழுதியிருந்தார்கள். இல்லாத எட்டு அங்குலத்தை மகளுக்குத் தானம் கொடுத்திருப்பார் பெரியவர்.

மனையை அளக்காமல் பத்திரத்து அளவை வைத்து வரைபடம் போடும் பழக்கம் சேலத்தில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து அளந்துவிடுங்கள். ஒரு நாள் வேலை.

இன்னொன்றும் அளவில் தெரிந்தது. மேற்கு ஓரமாகப் பிற்பாடு கட்டிய ஒரு கழிப்பறை, காம்பவுண்டை ஒட்டி நின்றது. பழைய வீட்டு அனுமதியில் அது இல்லை. புது வீட்டுக்கு வரைபடம் போடும்போது பழைய வீட்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்; பழைய மீறல் ஒன்று இருந்தால் புது விண்ணப்பம் அதில் இடறும். "அதுக்கும் வரி கட்டறோமே தம்பி" என்றார் பெரியவர். சொத்துவரி ரசீது கட்டடம் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, அனுமதி இருக்கிறது என்பதற்கு இல்லை. இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறையை இடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பட்டறைக் கொட்டகைக்கு வரிப் பதிவேட்டில் குடியிருப்பு அல்லாத பயன்பாடு என்று இருந்தது. அதை இடித்துவிட்டதாகக் கடிதம் கொடுத்து நீக்கினோம்.

தனியாகவா, ஒட்டியா?

வீட்டை எப்படி வைப்பது என்பதில் எனக்கும் மருமகனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்குத் தனிக் கட்டடம் வேண்டும், நடுவில் ஒரு சின்ன முற்றம். ஆசை புரிகிறது. ஆனால் ஒரே மனையில் இரண்டு தனிக் கட்டடம் என்றால் நடுவில் விதிப்படி இடைவெளி விட வேண்டும். பழைய வீட்டுக்குப் பின்னால் இருப்பதே 32 அடி. நடுவிலும் விட்டு, பின்னாலும் விட்டால் மிஞ்சுவது ரயில் பெட்டி போன்ற வீடு. ஒட்டிக் கட்டினால் இரண்டு குடியிருப்பு அலகு கொண்ட ஒரே கட்டடம். இடைவெளிக் கணக்கு வெளிச்சுற்றுக்கு மட்டும் வரும்.

ஒட்டியே கட்டினோம். அகலம் 29 அடி 4 அங்குலம், நீளம் 27 அடி, பின்னால் 5 அடி, இரு பக்கமும் 5 அடி. 792 சதுர அடி. பழைய வீட்டோடு சேர்த்து 1,520. இரண்டு வீடும் சேரும் இடத்தில் மாடிப்படியையும் மேலே திறந்த ஒரு வெளிச்சக் கிணற்றையும் வைத்தேன். மருமகன் கேட்ட முற்றம் இல்லை, ஆனால் மதியம் இரண்டு மணி வரை அங்கே வெயில் விழுகிறது. வாசல் கிழக்குச் சந்து வழியாகத் தனி. வண்டிகள் நிற்பதும் அந்தச் சந்தில்தான்.

பழைய வீடு செங்கல் சுமைச்சுவர்; தூண் கிடையாது, சுவரே கூரையைத் தாங்குகிறது. அதன் அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டும்போது பயமாகத்தான் இருந்தது. மூன்றடி மூன்றடியாக, ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் தோண்டினோம். ஐந்தடியில் பாறை வந்தது. புது வீடு முழுக்கத் தன் தூண்களில் நிற்கிறது. பழைய சுவரில் ஒரு செங்கல்கூட ஏற்றவில்லை. நடுவில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மேலே மூடியிருக்கிறோம். ஒரே கட்டடம் என்று வரைபடம் சொன்னாலும் இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்கே பழைய சுவரில் கோடு விழும்.

விண்ணப்பம் வழக்கமான ஒற்றைச் சாளர வழியில் போனது. 10,000 சதுர அடி வரை, எட்டு வீடு வரையுள்ள குடியிருப்புக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி கொடுக்கலாம் என்பதால் மாநகராட்சியோடு முடிந்தது. வந்து பார்த்தார்கள், மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் இடத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். கார்த்திகையில் அனுமதி கையில் வந்தது. சுயசான்று வழியை விட மாதங்கள் அதிகம்தான்.

மின் இணைப்பில் சிக்கல் எதிர்பார்த்தேன், பெரிதாக வரவில்லை. 14 மீட்டருக்கு மேற்படாத, எட்டு வீட்டுக்கு மேற்படாத குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்று கேட்பதை 2024-லேயே நிறுத்திவிட்டார்கள். வந்தவர் பார்த்தது இரண்டே விஷயம்: வாசல் வேறா, அடுப்பு வேறா. ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்து, இரண்டுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்குகிறதா என்பதுதான் அவர்கள் கவலை. உள்ளே இரண்டு வீட்டையும் இணைக்கும் கதவு ஒன்று வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்; ராத்திரியில் பேத்தி ஓடிவரலாம் என்று. அந்தக் கதவை வைக்காமல் விட்டதற்கு இதுதான் காரணம். அம்மாவுக்கு அதில் இன்னும் மனக்குறைதான். எனக்கும்தான்.

ஏற்காட்டில் இது செல்லாது

பாதி வேலையில் மருமகனின் அண்ணன் ஒருவர் வந்து, ஏற்காட்டில் தன் வீட்டுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்று போட்டு வாடகைக்கு விடலாமா என்று கேட்டார். மேலே சொன்ன எதையும் வைத்து அங்கே கணக்குப் போடக் கூடாது. ஏற்காடு 1990-ல் அமைத்த மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் கருத்துச் சொன்ன பிறகுதான் கோப்பு நகரும். இடத்தில் மரம் இருந்தால் 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வெட்டத் தனி அனுமதி. சரிவில் மண்ணை வெட்டி மட்டமாக்குவதே அங்கே ஒரு கேள்வி. கீழே சேலத்தில் அடுத்தவர் ஜன்னலைப் பற்றி விதி கவலைப்படுகிறது. மேலே மலை சரியுமா என்று கவலைப்படுகிறது. இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகிறது. அவருக்கு ஏற்காட்டிலேயே வேலை செய்யும் ஒரு பொறியாளரைச் சொல்லி அனுப்பினேன்.

2025 ஆவணியில் பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்குத் தனி வரி விதிப்பு எண் வாங்கி, அரையாண்டு வரியும் கட்டியாயிற்று. கோவையிலிருந்து மகன் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படியேறி மொட்டைமாடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே வந்து என்னிடம், "இன்னும் அஞ்சாறு வருசத்துல நானும் ஊருக்கே வந்துரலாம்னு இருக்கறேங்க. மேல ஒண்ணு போட்டா தாங்குங்களா?" என்றார்.

தூண்களை முதல் தளத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். எஃப்.எஸ்.ஐ.-யில் இன்னும் 3,500 சதுர அடிக்கு மேல் மிச்சம். "புது வீட்டு மேல தாங்குங்க, பழைய வீட்டு மேல வேண்டாம். வரும்போது தங்கச்சியும் கையெழுத்துப் போடணும், மனை ரெண்டு பேரோடதாச்சே. கடப்பாரை எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றேன்.

பெரியவர் பிளாஸ்டிக் உறையில் புது வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.